ஒன்றுமில்லை என்று சொல்லாதிருங்கள்



கோடை விடுப்புக்குத் திட்டமிடும் காலம் வந்துவிட்டது. மிசிசிப்பி ஆற்றுக்குக் கிழக்கே வாழ்கிற நம் சபைக் குடும்பங்களில், பிள்ளைகள் கல்லூரிக்குச் சென்றபின் வீட்டில் தனித்திருக்கும் தம்பதியர் சிலர், இவ்வாண்டு மேற்கே சென்றுவர எண்ணியிருப்பதை அறிவேன். கூடாரமும் அடுப்பும் எடுத்துக்கொண்டு காரிலேயே போய்வர விரும்புகிறவர்களும் உங்களில் உண்டு. எந்த வழியாகப் போகிறீர்கள் என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே மறுமொழி வருகிறது: "கான்சாஸ் மாநிலத்தை இரவோடிரவாகக் கடந்துவிடுவோம், ஐயா. அங்கே பார்க்க ஒன்றுமில்லை."

அந்தச் சொல்லைக் குறித்தே இவ்வாரம் உங்களோடு சிந்திக்க விரும்புகிறேன். ஏனெனில் அதே சொல் வேறோரிடத்திலும் என் காதில் விழுகிறது. இருபது, இருபத்தைந்து ஆண்டுகள் இல்லறம் நடத்திய கணவன் மனைவியரிடம், "மாலை வேளைகளில் இருவரும் என்ன பேசிக்கொள்வீர்கள்?" என்று வினவினால், "புதிதாகப் பேச என்ன இருக்கிறது, ஒன்றுமில்லை" என்கிறார்கள். அவர்களுக்குள் சண்டையில்லை, பெரிய கசப்பும் இல்லை. ஒருவர் இரவுப்பணி முடிந்து வீடு திரும்பும்போது மற்றவர் கணினியின் முன் அமர்ந்துவிடுகிறார். வீட்டுக்கடன், பிள்ளைகளின் கட்டணம், ஊரிலுள்ள பெற்றோரின் உடல்நிலை ஆகிய மூன்றைத் தவிர வேறெதையும் அவர்கள் பேசி நெடுநாள் ஆகிறது. அவர்களும் ஒருவரையொருவர் இரவோடிரவாகக் கடந்துகொண்டிருக்கிறார்கள்.

ஆகையால் என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தப் பயணத்தை மேற்கொள்ளுங்கள். ஆனால் புகழ்பெற்ற பள்ளத்தாக்கின் விளிம்பில் நின்று படமெடுப்பதற்காக மாத்திரம் போகாதிருங்கள். இரண்டு வார விடுப்பு கிடைக்குமானால், அதில் நான்கைந்து இரவுகளையாவது சமவெளியிலேயே கூடாரமிட்டுக் கழியுங்கள். ஒன்றுமில்லை என்று எண்ணிய இடத்தில் என்ன இருக்கிறது என்பதைக் காணும் பழக்கம் அங்கே உங்களுக்கு உண்டாகக்கூடும். அப்பழக்கத்தோடு வீடு திரும்புவதே இப்பயணத்தின் பலன் என்பது என் எண்ணம்.

எழுபதாம் எண் நெடுஞ்சாலை கான்சாஸைக் குறுக்கே கடக்கும் தொலைவு சுமார் 424 மைல். அதில் நில்லாமல் ஓட்டுகிறவருக்கு அம்மாநிலம் ஒரு நீண்ட பச்சைக்கோடு. ஆனால் கிழக்குக் கான்சாஸில் அந்நெடுஞ்சாலையை விட்டுத் தெற்கே இறங்கினால் பிளின்ட் ஹில்ஸ் என்னும் மேட்டு நிலத்தை அடைவீர்கள். ஒரு காலத்தில் வட அமெரிக்காவின் நடுவே சுமார் 17 கோடி ஏக்கர் பரப்பில் உயர்புல் நிலம் இருந்தது. இன்று அதில் நூற்றுக்கு நான்கு பங்குகூட எஞ்சவில்லை. எஞ்சியதன் பெரும்பகுதி இங்கேதான் உள்ளது. காரணம் எளியது: மண்ணுக்குச் சற்றுக் கீழே சுண்ணாம்புக்கல்லும் தீக்கல்லும் கிடந்தபடியால் கலப்பை இறங்கவில்லை. 1996ஆம் ஆண்டு இங்கே ஏறத்தாழ 11,000 ஏக்கர் நிலம் தேசியப் பாதுகாப்பகமாக அறிவிக்கப்பட்டது. 2009இல் காட்டெருமைகளும் மீண்டும் கொண்டுவந்து விடப்பட்டன.

அங்கே நடந்து பாருங்கள். இலையுதிர் காலத்தில் புல் ஆளுயரத்துக்கும் மேல் நிற்கும். ஆனாலும் அதன் பெரும்பகுதி நம் கண்ணுக்குத் தெரியாது. வேர்கள் பத்தடிக்கும் கீழே இறங்கியிருக்கின்றன. நெருப்பு வந்தாலும், எருமை மேய்ந்தாலும், மழை பொய்த்தாலும் அந்தப் புல் மறுபடியும் தழைப்பது அந்த வேர்களால்தான். இளவேனிலில் மேய்ச்சற்காரர்கள் தாங்களே அந்நிலத்துக்குத் தீயிடுகிறார்கள். சில வாரங்களில் கரிந்த நிலம் பசுமையாகிவிடுகிறது. மேலோட்டமாகப் பார்த்து ஒன்றுமில்லை என்று சொல்லப்படும் இல்லறங்கள் பலவற்றிலும் இப்படிப்பட்ட வேர்கள் உண்டு என்பதை, போதகனாக வீடுவீடாகச் செல்லுகிற நான் கண்டிருக்கிறேன். வேலை போன நாளிலும் மருத்துவமனையின் நடைகூடத்திலும் அவை தெரியவரும். அந்நாள்வரை காத்திராமல் அவற்றை அறிந்துகொள்வது நல்லதல்லவா?

பாதுகாப்பகத்துக்குள் கூடாரமிட அனுமதியில்லை. அருகிலுள்ள கவுன்சில் குரோவ் ஏரிக்கரையில் தங்கலாம். சமவெளியின் காற்றில் கூடாரம் அடிப்பது ஒருவரால் ஆகிற காரியமன்று. ஒருவர் துணியைப் பிடித்துக்கொள்ள மற்றவர் முளை அடிக்க வேண்டும். காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று இருவரும் சேர்ந்து பார்த்தாக வேண்டும். "நீ எப்போதும் இப்படித்தான்" என்று தொடங்கும் பேச்சுக்கு அங்கே நேரமில்லை. "அந்த முனையை இழுத்துப் பிடி" என்பதே அங்கே பயன்படும் பேச்சு. வீட்டில் தனித்தனி அறைகளில் தனித்தனி வேலைகளாகப் பிரிந்துவிட்ட இருவர், நெடுநாளுக்குப்பின் ஒரே வேலைக்கு நான்கு கைகளாக நிற்கிறார்கள். இரவு எட்டு மணிக்கு எரிவாயு அடுப்பில் கஞ்சி கொதிக்கையில், பேச்சு தானாக வரும். வராவிட்டாலும் பாதகமில்லை. ஒரே அடுப்பைப் பார்த்துக்கொண்டு இருவர் பேசாமலிருப்பதும், ஆளுக்கொரு திரையைப் பார்த்துக்கொண்டு பேசாமலிருப்பதும் ஒன்றன்று.

இனிச் சற்று கடினமான காரியத்துக்கு வருகிறேன். "அங்கே ஒன்றுமில்லை" என்று இந்தச் சமவெளியைப் பற்றிச் சொன்னவர்களில் நாம் முதல்வர் அல்லர். 1820ஆம் ஆண்டு ஸ்டீபன் லாங் என்னும் படைப்பொறியாளர் இவ்வழியே பயணம் செய்தார். அப்பயணத்திலிருந்து வந்த வரைபடம் இந்நிலத்தைப் பெரும் அமெரிக்கப் பாலைவனம் என்று குறித்தது. ஷயென், அராபஹோ முதலிய மக்கள் குதிரைகளோடும் பிள்ளைகளோடும் வாழ்ந்த நிலம், வெகுதொலைவில் வரைபடத்தை விரித்தவர்களுக்கு யாருமில்லாத வெளியாகத் தோன்றியது. யாருமில்லை என்று ஒரு நிலத்தைப் பற்றிச் சொல்லிவிட்டால், அங்கே இருக்கிறவர்களுக்கு என்ன செய்தாலும் மனச்சாட்சி உறுத்தாது.

கான்சாஸைக் கடந்து கொலராடோ மாநிலத்தின் கிழக்கோரத்துக்குச் சென்றால், ஈட்ஸ் என்னும் சிற்றூருக்கு அப்பால் சாண்ட் கிரீக் என்ற ஓடை உண்டு. கடைசிச் சில மைல்கள் மண்சாலை. 1864 நவம்பர் 29 அன்று விடியற்காலையில், சுமார் 675 படைவீரர் அங்கே முகாமிட்டிருந்த ஷயென், அராபஹோ மக்கள்மீது பாய்ந்தார்கள். படைத்தளத்தோடு பேசிச் சமாதானத்தில் இருக்கிறோம் என்று நம்பியிருந்த மக்கள் அவர்கள். தலைவர் பிளாக் கெட்டில் தம் கூடாரத்தின்மேல் அமெரிக்கக் கொடியையும் வெள்ளைக் கொடியையும் ஏற்றியிருந்தார். அன்று 230க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். அவர்களில் பெரும்பாலோர் பெண்களும் பிள்ளைகளும் முதியவர்களும்.

அந்தப் படையை நடத்தியவர் ஜான் சிவிங்டன். அவர் மெதடிஸ்து திருச்சபையின் ஊழியர், டென்வர் பகுதியின் மூப்பராக அனுப்பப்பட்டவர். பிரசங்க பீடத்தில் நின்றவர் என்பதை நினைக்கும்போது அதே பீடத்தில் நிற்கும் எனக்கு நடுக்கமுண்டாகிறது. பாராளுமன்றக் குழு விசாரித்துக் கடுமையாகக் கண்டித்தும் ஒருவரும் தண்டிக்கப்படவில்லை. 1996ஆம் ஆண்டில்தான் ஐக்கிய மெதடிஸ்து திருச்சபை தன் பொதுமாநாட்டில் இதற்காக மன்னிப்புக் கோரியது. அதற்குள் 132 ஆண்டுகள் கடந்துவிட்டன.

அதே படையில் சைலஸ் சோல் என்றொரு இளம் தலைவர் இருந்தார். சுடும்படி கட்டளை வந்தபோது அவர் தம் வீரர்களைச் சுடவிடவில்லை. பின்னர் விசாரணையில் தாம் கண்டதைக் கண்டபடியே சாட்சி சொன்னார். 1865 ஏப்ரலில் டென்வர் தெருவில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். அப்போது அவருக்குத் திருமணமாகி ஒரு மாதங்கூட நிறையவில்லை. அவரை இன்றும் ஷயென், அராபஹோ சந்ததியார் நன்றியோடு நினைவுகூருகிறார்கள்.

இன்று அவ்விடம் தேசிய வரலாற்றுத் தலமாகக் காக்கப்படுகிறது. மேட்டின்மேல் உள்ள பாதையிலிருந்து ஓடையின் வளைவைப் பார்க்கலாம். அது அம்மக்களுக்குப் புனித நிலம் ஆதலால் கீழே இறங்க அனுமதியில்லை. வில்லோவும் பருத்திமரங்களும் காற்றில் அசைவதைத் தவிர வேறொன்றும் கண்ணுக்குத் தெரியாது. இந்நாட்டில் குடியேறி, வீடு வாங்கி, பிள்ளைகளை வளர்க்கிற நாமும் இந்நிலத்தின் நன்மைகளை அனுபவிக்கிறவர்களே. ஆகவே விடுமுறை மகிழ்ச்சிக்கு நடுவே ஒரு மணி நேரம் அங்கே அமைதியாக நிற்பது நமக்குத் தகும் என்று நினைக்கிறேன். கணவனும் மனைவியும் அருகருகே நின்று ஒரு துயரத்தைப் பார்ப்பது அவர்களுடைய இல்லறத்துக்கும் கெடுதலாகாது.

அங்கிருந்து தெற்கே, கான்சாஸின் தென்மேற்கு மூலையில் சிமரோன் தேசியப் புல்நிலம் இருக்கிறது. 1862ஆம் ஆண்டுச் சட்டம் குடியேறுகிறவருக்கு 160 ஏக்கர் என்று நிலத்தைப் பங்கிட்டது. பின்னர் கோதுமை விலை ஏறியபோது, புல் நின்ற நிலமெல்லாம் உழப்பட்டது. 1930களில் மழை நின்றது. பிடித்துவைக்க வேரில்லாத மண் எழும்பிப் பறந்தது. 1935 ஏப்ரல் 14, ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில், கரிய புழுதிச்சுவர் ஒன்று ஊர்கள்மேல் கவிந்து பகலை இரவாக்கியது. அந்நாளைக் கறுப்பு ஞாயிறு என்று இன்றும் அழைக்கிறார்கள். கைவிடப்பட்ட வயல்களை அரசு திரும்ப வாங்கிப் புல் விதைத்தது. அப்படி மீட்கப்பட்ட சுமார் 1,08,000 ஏக்கரே இன்றைய சிமரோன். எல்க்ஹார்ட் ஊருக்கு அருகில் எளிய முகாமிடமும் உண்டு. முற்றிலும் பாழானதென்று விடப்பட்ட நிலம், விதைப்பும் பொறுமையும் கிடைத்தபோது மறுபடியும் புல்நிலமானது. உங்கள் வீட்டிலும் உழுது பாழாக்கப்பட்ட ஏதாவதொரு மூலை இருக்குமானால், அதைப்பற்றிப் பேச அங்குள்ள இரவு நல்ல வேளை. ஆனால் ஒரே இரவில் புல் முளைத்துவிட வேண்டுமென்று எதிர்பாராதிருங்கள்.

சமவெளி முடிந்து நியூ மெக்சிகோவின் மேட்டுநிலம் தொடங்கும்போது, பயணம் இன்னொரு பாடத்தைத் தருகிறது. எல் மோரோ என்னும் மணற்பாறையின் அடியில் மழைநீரும் பனிநீரும் தேங்கும் குளம் ஒன்று உண்டு. வறண்ட நாட்டில் தண்ணீர் இருந்தபடியால் எல்லாரும் அங்கே தங்கினார்கள், தங்கியவர்களில் பலர் பாறையில் பெயரைப் பொறித்துச் சென்றார்கள். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பொறிப்புகள் உள்ளன. 1605ஆம் ஆண்டு ஸ்பானிய ஆளுநர் ஹுவான் தெ ஓன்யாத்தே தாம் இவ்வழியே வந்ததாகப் பொறித்திருக்கிறார். அதற்கு ஆறாண்டுகளுக்கு முன் அவருடைய படை அக்கோமா மக்களுக்குச் செய்த கொடுமையை அப்பொறிப்பு சொல்லவில்லை. அதே பாறையின் உச்சியில், அவர் வருவதற்கு இரண்டு நூற்றாண்டுகளுக்கும் முன்பே ஜூனி மக்களின் முன்னோர் நூற்றுக்கணக்கான அறைகளோடு கட்டி வாழ்ந்த ஊரின் இடிபாடு நிற்கிறது. கடந்துபோனவர்களின் பெயர்கள் கீழே உள்ளன, குடியிருந்தவர்களின் அடுப்படிகள் மேலே உள்ளன. இரண்டையும் பார்த்துவிட்டு, இங்குள்ள சிறு முகாமில் ஓரிரவு தங்குங்கள். ஏழாயிரம் அடிக்கு மேற்பட்ட உயரமாதலால் கோடையிலும் இரவு குளிரும். கம்பளி மறவாதிருங்கள்.

அடுத்து அரிசோனாவின் கேன்யன் டி ஷேய். இது தேசிய நினைவிடமாயினும் நிலம் நவஹோ மக்களுடையது. பள்ளத்தாக்கின் அடியில் இன்றும் அவர்களுடைய குடும்பங்கள் பயிரிட்டு வாழ்கின்றன. ஆகவே கீழே இறங்க நவஹோ வழிகாட்டி ஒருவர் உடன்வர வேண்டும். 1864ஆம் ஆண்டு அமெரிக்கப் படை இங்கே பீச்சு மரங்களையும் வயல்களையும் அழித்தது. மக்கள் முந்நூறு மைலுக்கும் அப்பால் நடத்திச் செல்லப்பட்டுச் சிறை வைக்கப்பட்டார்கள். 1868 ஜூன் 1 அன்று உடன்படிக்கை செய்து தங்கள் சொந்த நிலத்துக்கே திரும்பினார்கள். வழிகாட்டிக்குக் கொடுக்கும் கூலியை வீண்செலவென்று எண்ணாதிருங்கள். அவர் பேசும்போது இடைமறித்துக் கேள்விகளை அடுக்காமல் செவிகொடுங்கள். பிறர் வீட்டுக்குள் அழைப்போடு நுழைவது எப்படியென்று அங்கே கற்றுக்கொள்ளலாம்.

உங்களில் சிலர் மறுத்துச் சொல்லக்கூடியவற்றையும் நான் அறிவேன். "ஆண்டுக்கு இரண்டு வாரந்தான் விடுப்பு, அதைப் புல்லைப் பார்க்கவா செலவிடுவது?" என்பீர்கள். நியாயமான கேள்வி. ஆயினும் ஏழு நாளில் ஏழு பூங்காக்களைப் பார்த்து, களைத்து, ஒருவர்மேல் ஒருவர் எரிந்துவிழுந்து திரும்பிய விடுமுறைகள் நம்மிடையே குறைவா? குறைவான இடங்களில் அதிக நேரம் தங்கினால் இழப்பதைவிடப் பெறுவது மிகுதி என்பதே என் துணிபு. "ஆளில்லாத ஊர்களில் நம்மைப் போன்ற நிறத்தவர் கூடாரமிடுவது பாதுகாப்பா?" என்ற கேள்வியையும் நான் தள்ளிவிடவில்லை. அரசுப் பூங்காக்களின் முகாமிடங்களையே தேர்ந்துகொள்ளுங்கள். இருட்டுமுன் சேர்ந்துவிடுங்கள். எங்கே தங்குகிறீர்கள் என்பதை வீட்டாருக்குச் சொல்லிவையுங்கள். முழங்கால் வலியுள்ளவர்கள் தரையில் படுக்க வேண்டியதில்லை. மடக்குக் கட்டில் போதும். அதுவும் ஆகாதென்றால் சிற்றூர் விடுதியில் தங்கிக்கொண்டு, மாலையில் மாத்திரம் வெளியில் அடுப்பு மூட்டுங்கள். நான் வலியுறுத்துவது அவசரப்படாமையை. கூடாரம் அதற்கு ஒரு கருவி மாத்திரமே.

காலத்தைக் குறித்தும் ஒரு சொல். மே, ஜூன் மாதங்களில் சமவெளியில் சூறாவளி எழும். எச்சரிக்கை வந்தால் கூடாரம் தஞ்சமாகாது. உறுதியான கட்டடத்துக்குச் சென்றுவிட வேண்டும். ஜூலை முதல் செப்டம்பர் வரை தென்மேற்கில் திடீர் மழை பெய்யும். எங்கோ தொலைவில் பெய்த மழை, இங்கே வெயில் அடிக்கையிலேயே வறண்ட ஓடையில் வெள்ளமாக வந்துவிடும். ஆகவே ஓடைப்படுகையில் ஒருபோதும் கூடாரமிடாதிருங்கள். விடுப்பைச் செப்டம்பர் பிற்பகுதிக்கோ அக்டோபருக்கோ தள்ளிவைக்க முடிந்தவர்களுக்கு வானமும் புல்லும் அப்போதுதான் மிக நன்றாயிருக்கும். தண்ணீரைத் தேவைக்கு இரட்டிப்பாக எடுத்துச் செல்லுங்கள். பல இடங்களில் கைப்பேசி வேலை செய்யாது. அதை ஒரு குறையாக எண்ண வேண்டாம்.

இறுதியாக உங்களிடம் ஒன்றைக் கேட்டுக்கொள்கிறேன். பயணத்தின் ஒவ்வோரிரவும், கூடாரத்துக்குள் போகுமுன், அன்று உங்கள் துணைவரிடத்தில் புதிதாகக் கண்ட ஒன்றை அவரிடமே சொல்லுங்கள். பெரிதாயிருக்க வேண்டியதில்லை. "வரைபடத்தை நீ இவ்வளவு நன்றாகப் படிப்பாய் என்று எனக்குத் தெரியாது" என்பதுபோல் ஒரு வரி போதும். முதலிரவில் கூச்சமாயிருக்கும். இரண்டாமிரவில் சொல்ல எதுவும் அகப்படாமற்போகலாம். அப்போது "ஒன்றுமில்லை" என்று சொல்லிவிடாமல், இன்னும் சிறிது நேரம் விழித்திருந்து பாருங்கள். அங்கே இரவு நீளமானது, மறுநாள் காலையில் எவரும் உங்களை அவசரப்படுத்தப்போவதில்லை.

சுகமாய்ப் போய்ச் சமாதானமாய்த் திரும்பி வாருங்கள்.